விற்பவர் வாயால் தரம் சொல்லலாகாது
முதுகுளத்தூர் வட்டார நாணயச் சேகரிப்பாளர்களின் கொள்கைப் பிரகடனம்

முதுகுளத்தூரில் பழைய வெள்ளி ரூபாயை விற்கப் போனால் காதில் விழும் முதல் சொல், "தேஞ்சு போச்சே அண்ணே" என்பதுதான். அதே ரூபாய் இரண்டு கை மாறி மதுரை போய்ச் சேர்ந்ததும் "லேசாத்தான் தேஞ்சிருக்கு" என்றாகிறது. சென்னைக் கண்காட்சி மேசையில் கண்ணாடிக்கு அடியில் ஏறி உட்காரும்போது அதற்கு "எக்ஸ்.எஃப்.", அதாவது மிக நேர்த்தி, என்று பட்டம் கட்டி, பக்கத்தில் விலைச்சீட்டும் வைத்துவிடுகிறார்கள். இடையில் காசு மாறவில்லை. ஜார்ஜ் மன்னரின் கன்னத்தில் இருந்த தேய்மானம் அப்படியே இருக்கிறது. சொல்கிற ஆள்தான் மாறியிருக்கிறார். வாங்குகிறபோது தரத்தைத் தாழ்த்துவது, விற்கிறபோது உயர்த்துவது என்கிற இந்தப் பழக்கத்தை எதிர்த்துத்தான் நாங்கள் கூடியிருக்கிறோம். எங்கள் முதல் கொள்கை இது: காசை விற்கிறவரும் வாங்குகிறவரும் அதன் தரத்தை முடிவு செய்யக் கூடாது. பேரத்தில் பங்கில்லாத பல கண்கள் பார்த்து, காரணம் எழுதி, எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டும்.

எங்களில் பள்ளி ஆசிரியர் உண்டு, கரிமூட்டம் போடுகிறவர் உண்டு, சவுதியிலிருந்து திரும்பி வந்து மிளகாய் மண்டி வைத்தவர் உண்டு, அப்பத்தாவின் சுருக்குப்பையைத் தவிர வேறு சேகரிப்பு எதுவும் இல்லாத பெண்களும் உண்டு. வானம் பார்த்த பூமி இது. பிழைக்க வெளியே போவதும் திரும்பி வருவதும் தலைமுறை தலைமுறையாக நடப்பதால், எங்கள் வீட்டுப் பெட்டிகளில் பல நாட்டுக் காசு கலந்து கிடக்கிறது. ரங்கூன் போனவர் கொண்டுவந்த மயில் முத்திரை ரூபாய், மலாயா தோட்டத்திலிருந்து வந்த சதுரச் செப்புக் காசு, தனுஷ்கோடி வழியாகக் கப்பல் ஓடிய நாளில் வந்து சேர்ந்த இலங்கைச் சதம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனது, கப்பலும் போனது. சதங்கள் மட்டும் பானைக்குள் தங்கிவிட்டன.

மண்ணுக்குள் இருப்பது இன்னும் பழையது. வைகை கடலைத் தொடும் இடத்தில் உள்ள அழகன்குளத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1986 முதல் பல பருவங்களாக அகழ்ந்தபோது ரோமப் பேரரசின் பிற்காலச் செப்புக் காசுகள் கிடைத்தன. ஒரு பக்கம் நின்ற மனிதன், மறுபக்கம் அமர்ந்த மனிதன் என்று இருக்கும் ராஜராஜன் செப்புக் காசு இந்தக் கரையில் அபூர்வமே இல்லை. அதே பாணியில் லீலாவதி, சகச மல்லன் பெயர்களில் வந்த இலங்கைக் காசுகளும் கலந்தே கிடைக்கும். 14-ஆம் நூற்றாண்டு மதுரை சுல்தான்களின் அரபு எழுத்துக் காசு, சேதுபதி மன்னர்களின் செப்புக் காசு, கீழக்கரை தூத்துக்குடிப் பக்கம் டச்சுக் கம்பெனி விட்டுப்போன டொய்ட்டு என்ற செப்புக் காசு, சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தின் சோஹோ ஆலையில் அடித்த 1803, 1808 ஆண்டுகளின் இருபது காசு, பத்துக் காசு. டச்சு டொய்ட்டின் மேல் கம்பெனிப் பெயரின் முதலெழுத்துகளான வி.ஓ.சி. என்ற எழுத்துகள் பின்னிக் கிடப்பதால், அதைக் கப்பலோட்டிய தமிழர் வெளியிட்ட காசு என்று சொல்லி விற்க முயன்றவரும் இந்த வட்டாரத்தில் உண்டு. 1726 என்று காசிலேயே ஆண்டு பொறித்திருக்கிறது. அதைப் படிக்கக்கூட அவருக்குப் பொறுமை இல்லை.

இத்தனை வகைக் காசு கிடைக்கிற ஊரில் ஒரே அளவுகோலை வைத்து எல்லாவற்றையும் அளக்க முடியாது. இதுவே எங்கள் இரண்டாவது கொள்கை. சற்று விரிவாகச் சொல்கிறோம், ஏனென்றால் தகராறு எல்லாம் இங்கேதான் பிறக்கிறது.

இயந்திரத்தில் அடித்த காசை முதலில் எடுத்துக்கொள்வோம். ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய். அசலாக இருந்தால் 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து, விளக்கை ஒரு பக்கத்தில் தாழ வைத்து, காசை மெல்லச் சாய்க்க வேண்டும். புழங்காத காசில் ஒளி ஒரு பட்டையாக விழுந்து, சாய்க்கச் சாய்க்கச் சுற்றி ஓடும். எங்காவது அந்தப் பட்டை அறுந்து மங்கினால் அங்கே கை பட்டிருக்கிறது. முதலில் தேய்வது மேடான இடங்கள்: கிரீடத்தின் மணிகள், கன்னம், மன்னர் மார்பு அங்கியில் தொங்கும் பதக்கத்து யானை. இந்த யானைக்குத் தனிக்கதை உண்டு. 1911-ல் வந்த முதல் ரூபாயில் தும்பிக்கை குட்டையாக விழுந்து, யானை பன்றிபோலத் தெரிந்தது. முஸ்லிம்கள் மனம் நொந்தார்கள், அரசு ரூபாயைத் திரும்பப் பெற்று, 1912-ல் தும்பிக்கையைத் திருத்தி அடித்தது. பன்றி ரூபாய் என்று இன்றும் தேடுகிறார்கள். யானையின் தும்பிக்கையும் காலும் தனித்தனியாகத் தெரிகிறதா, உருவம் மட்டும் தெரிகிறதா, வெறும் மேடாகிவிட்டதா என்று பார்த்தால் அந்த ரூபாய் எவ்வளவு காலம் மடியில் கிடந்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். இங்கே வி.எஃப். (நேர்த்தி), எக்ஸ்.எஃப். (மிக நேர்த்தி), யு.என்.சி. (புழங்காதது) என்கிற வெளிநாட்டு வரிசை நன்றாகவே பொருந்தும். அதை நாங்கள் எதிர்க்கவில்லை.

இப்போது "சேது" காசை எடுங்கள். படுத்த காளை, கீழே தமிழில் சேது என்ற எழுத்து. சேதுபதிகள் அடித்தது என்று எங்கள் பக்கத்தில் பலர் சொல்வார்கள். யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் காசு என்பதே அறிஞர்கள் பெரும்பாலோர் ஏற்கும் முடிவு. அந்த வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். இந்தக் காசைக் கையால் சம்மட்டி கொண்டு அடித்தார்கள். செப்புத் தகடு அச்சைவிடச் சிறியது. அடி சற்று ஒதுங்கி விழுந்தால் காளையின் தலை தகட்டுக்கு வெளியே போய்விடும். எழுத்தில் பாதி பதியவே பதியாது. ஒரு நாள்கூடப் புழங்காத சேது காசிலும் "து" இல்லாமல் இருக்கலாம். அதைக் கையில் வாங்கிய வியாபாரி "எழுத்துத் தேஞ்சு போச்சு, எடைக்குத்தான் போகும்" என்கிறார். தேயவில்லை அய்யா, விழவே இல்லை. தேய்ந்த இடம் வழவழவென்று சரிந்து இறங்கும். அச்சு விழாத இடத்தில் தகட்டின் பழைய மேற்பரப்பு சொரசொரப்போடு அப்படியே நிற்கும். பத்து மடங்கு பெருக்கும் லூப் கண்ணாடி இருந்தால் பள்ளிப் பிள்ளைகூட வேறுபாட்டைக் கண்டுவிடும்.

வெளிநாட்டு வரிசையை வேதமாக எடுத்துக்கொள்பவர்களுக்கு அது பிறந்த கதையைச் சொல்ல வேண்டும். ஒன்று முதல் எழுபது வரை மதிப்பெண் போடும் முறையை 1949-ல் வெளியிட்டவர் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர். தொழிலால் உளவியலாளர், மனித உடம்பையே மூன்று வகையாகத் தரம் பிரித்தவர். அவர் கணக்கு எளிமையானது: கடைசித் தரத்தில் ஒரு டாலர் போகிற காசு, குறையே இல்லாமல் இருந்தால் எழுபது டாலர் போகும். அமெரிக்காவின் ஆரம்பகாலச் செப்பு சென்ட்டுகளின், அதிலும் 1794-ஆம் ஆண்டுச் சென்ட்டின் சந்தை விலையிலிருந்து பிறந்த எண் அது. விலை விகிதம் சில வருடங்களிலேயே பொய்த்துப்போனது, எண் மட்டும் நின்றது. 1977-ல் அமெரிக்க நாணயச் சங்கம் அதைத் தழுவித் தன் விதிமுறையை வெளியிட்டது. 1986, 1987-ல் காசைப் பிளாஸ்டிக் பேழையில் அடைத்து எண் ஒட்டித் தரும் கம்பெனிகள் வந்தன. ஷெல்டன் 1977-ல் இறந்தார். பிறகு தெரியவந்த செய்தி இது: நியூயார்க்கில் உள்ள அமெரிக்க நாணயவியல் கழகத்தின் சேகரிப்பிலிருந்து உயர்ந்த தரச் சென்ட்டுகளை எடுத்துக்கொண்டு, தன்னுடைய தரம் குறைந்தவற்றை அந்த இடத்தில் வைத்திருக்கிறார். தரம் பார்க்க உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த கண்ணே அந்தத் திருட்டுக்கும் பயன்பட்டது. களவு வெளிப்பட்டது எப்படி என்றால், அந்தக் காசுகளின் பழைய படங்களும் குறிப்புகளும் பதிவில் இருந்தன. கீறலுக்குக் கீறல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

எனவே எங்கள் தரம் பார்க்கும் அமர்வில் நடைமுறை இப்படி இருக்கும். காசை மேசையில் வைக்கிறவர் வாய் திறக்கக் கூடாது. யாருடையது, எவ்வளவுக்கு வாங்கியது, யார் என்ன சொன்னார் என்பதெல்லாம் பிறகு. முதலில் எடை, விட்டம், இரண்டு பக்கப் படம். பின்பு காசு கை கையாகச் சுற்றி வரும். ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவர் சீட்டைப் பார்க்காமல் தன் சீட்டில் எழுத வேண்டும். தேய்மானம் எவ்வளவு, அச்சு எப்படி விழுந்திருக்கிறது, எழுத்தில் எத்தனை படிக்க முடிகிறது, மேற்பரப்பில் என்ன நடந்திருக்கிறது என்று நான்கையும் தனித்தனியாகச் சொல்லிவிட்டுத்தான் கடைசியில் தர எழுத்து. காரணம் இல்லாத சீட்டு செல்லாது. எல்லாச் சீட்டையும் ஒரே நேரத்தில் பிரித்துப் படிப்போம். ஒத்துப்போனால் சரி. ஒருவர் வி.எஃப். என்றும் இன்னொருவர் எக்ஸ்.எஃப். என்றும் எழுதியிருந்தால் சண்டை போடலாம், போட வேண்டும். சண்டை தீராவிட்டால் இரண்டு கருத்தையும் பதிவேட்டில் எழுதி வைப்போம். ஓட்டுப் போட்டு முடிக்க மாட்டோம். உரக்கப் பேசுகிறவருக்கு அதிக மதிப்பெண் கிடைக்கிற கூட்டங்கள் ஊரில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன.

குறைந்த தரம் என்பதால் ஒரு காசை எவரும் ஏளனமாகப் பேச அனுமதியில்லை. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி 1980-களில் பெருவழுதி என்ற தமிழ்-பிராமி எழுத்துள்ள சங்க காலப் பாண்டியர் காசை அடையாளம் கண்டு வெளியிட்டார். கருத்துப்போன சின்னச் சதுரச் செப்புத் துண்டு. இலக்கியத்தில் மட்டும் கேட்ட பெயர் உலோகத்தில் வந்து நின்றது. அந்தத் துண்டை யாராவது முன்னதாக எடுத்துத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கியிருந்தால் எழுத்து போயிருக்கும். பாண்டிய மன்னன் பெயரும் அதோடு போயிருக்கும்.

தேய்க்கிற பேச்சு வந்துவிட்டதால் அதையும் முடித்துவிடுவோம். புளி, எலுமிச்சை, அடுப்புச் சாம்பல், பித்தளை மெருகு, பற்பசை: காசுக்கு இவை ஐந்தும் எமன். வீட்டுப் பெண்களைக் குறை சொல்லவில்லை. பூசைக்கு வைக்கிற பொருள் துலங்க வேண்டும் என்பது அவர்கள் நியாயம். 1968 முதல் 1971 வரை வந்த தாமரை போட்ட மஞ்சள் இருபது பைசாவை நூற்றெட்டு சேர்த்து லட்சுமி பூசைக்கு வைத்திருக்கிற வீடுகள் இந்தப் பக்கம் உண்டு. அந்தக் காசில் இதழ்களின் இடுக்கெல்லாம் குங்குமம் அப்பியிருக்கும், மேடெல்லாம் விளக்கி விளக்கி வழுவழுப்பாகியிருக்கும். பூசைக் காசு பூசையிலேயே இருக்கட்டும், சேகரிப்புக்கு அதை அழைக்க வேண்டாம். அதேபோல் காசுமாலையிலிருந்து கழற்றிய பவுனும் ரூபாயும். வளையம் பற்றவைத்த தடத்தை ஆசாரி எவ்வளவு நேர்த்தியாக அரம் போட்டு மறைத்தாலும் ஓரத்தில் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட காசுக்கு நாங்கள் தர எழுத்து போட மாட்டோம். "வளையம் கழற்றியது" என்று மட்டும் எழுதுவோம். ஆனால் 1943 முதல் 1947 வரை வந்த ஓட்டைக் காலணாவுக்கு ஓட்டை பிறவியிலேயே உண்டு, அதைக் குறையாகச் சொல்லிவிடாதீர்கள். குழந்தையின் அரைஞாண் கயிற்றில் கோத்துக் கட்டியதால் ஓட்டையின் உள் விளிம்பு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அதையும் எழுதுவோம், மகிழ்ச்சியோடு.

கடற்கரைக்கு என்று தனி நோய் ஒன்று இருக்கிறது. செப்புக் காசின் மேல் வெளிர் பச்சை நிறத்தில், விபூதி மாதிரி உதிரும் தூள். சாதாரணக் களிம்பு கெட்டியாக ஒட்டிக்கிடக்கும், அது காசைக் காப்பாற்றுகிற போர்வை. அதைச் சுரண்டக் கூடாது. உதிரும் தூள் வேறு. உப்பில் உள்ள குளோரைடு செம்புக்குள் இறங்கி, ஈரக்காற்று படும்போதெல்லாம் உள்ளிருந்து அரிக்கிறது. ராமேசுவரம் அக்னி தீர்த்தத்தில் பக்தர்கள் எறிந்து, அலையில் கிடந்து, யாரோ அரித்தெடுத்துக் கொண்டுவரும் காசுகளில் இதைப் பார்க்கலாம். பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்து வீடுகளில் பெட்டிக்குள் இருந்த காசிலும் பார்த்திருக்கிறோம். அந்தக் காசைத் தனியே எடுத்து, நன்றாக உலர வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் போட வேண்டும். வெள்ளி ரூபாயை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைப்பதும், மெத்தென்ற மலிவு பிளாஸ்டிக் உறையில் வருடக்கணக்காகச் செருகி வைப்பதும் கூடாது. ரப்பர் கறுப்பாக்கும், அந்தப் பிளாஸ்டிக் பச்சைப் பிசினைக் கக்கும்.

எங்கள் வாசலுக்கு வெளியே நிறுத்த வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறோம். 1818 என்று ஆண்டு போட்டு, ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ, மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி அரை அணா என்று இருக்கும் காசு. யாத்திரைத் தலங்களின் கடைத்தெருவில் தட்டுத் தட்டாகக் கிடைக்கும். கம்பெனி அப்படி ஒரு காசை எந்த ஆலையிலும் அடிக்கவில்லை. நினைவுப்பொருள் என்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், யாருக்கும் ஆட்சேபணை இல்லை. அதையே "அரிசியை இழுக்கும்", "உள்ளே இரிடியம்" என்று சொல்லி லட்சங்களைக் கறக்கிற ரைஸ் புல்லிங் கும்பலுக்கு நிலத்தை அடகு வைத்துக் கொடுத்தவர்கள் தென்மாவட்டங்களில் இருக்கிறார்கள். வைஷ்ணவ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க்குப் பத்து லட்சம் தருவதாகப் போனில் ஆசை காட்டி, முன்பணமும் வரியும் கேட்கிற கூட்டம் இன்னொன்று. 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே இதைப் பற்றி எச்சரித்து அறிக்கை விட்டது. 1938-ஆம் ஆண்டு ரூபாயில் எட்டைச் சுரண்டி ஒன்பதாக்கி, கிடைப்பதற்கரிய 1939 என்று விற்பவர்கள் இவர்களைவிடக் கெட்டிக்காரர்கள். அவர்களைப் பிடிக்க லூப் வேண்டும், பொறுமையும் வேண்டும்.

புதையல் விஷயத்தில் எங்களுக்கு இரண்டு பேச்சு கிடையாது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மண்ணில் மறைந்து கிடந்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவித்தாக வேண்டும். நூறு ஆண்டு கடந்த காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சட்டம் ஒருபக்கம். எந்த ஊரில், எந்த மேட்டில், எவ்வளவு ஆழத்தில், எந்தப் பானை ஓட்டோடு கிடைத்தது என்ற விவரம் போய்விட்டால் காசில் பாதி போய்விட்டது என்று நாங்கள் நினைக்கிறோம். அழகன்குளத்து மேட்டில் தோண்டியெடுத்த காசை எங்கள் மேசைக்குக் கொண்டுவராதீர்கள். தரம் பார்த்துச் சொல்ல மாட்டோம், தாசில்தார் அலுவலகம் எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்வோம்.

முதுகுளத்தூர் என்றால் வெளியூர்க்காரர் பலருக்கும் 1957 சாதிக் கலவரம்தான் நினைவு வருகிறது. அதே ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி நயா பைசா வந்தது. அந்தக் காசுகள் எங்கள் வட்டாரத்தில் எல்லாத் தெரு வழியாகவும் புழங்கின, எல்லார் மடியிலும் கிடந்து ஒரே மாதிரி தேய்ந்தன. எங்கள் மேசையில் காசு வைக்க வருபவரிடம் எந்தத் தெரு என்று கேட்க மாட்டோம். கேட்கிறவரை எழுந்து போகச் சொல்வோம். பெண்களுக்குத் தனி வரிசை, தனி நேரம் எதுவும் கிடையாது; பெட்டிச் சாவி பெரும்பாலும் அவர்களிடம்தான் இருக்கிறது. பிள்ளைகள் நயா பைசாவிலிருந்தே தொடங்கலாம். பம்பாய் ஆலைக்கு வைரக்குறி, ஐதராபாத்துக்கு நட்சத்திரம், கல்கத்தாவுக்குக் குறியே இல்லை. பின்னால் வந்த நொய்டாவுக்குப் புள்ளி. ஆண்டுக்குக் கீழே இருக்கும் அந்தப் பொட்டைத் தேடுவதிலேயே கண் பழகிவிடும், பெரிய செலவும் இல்லை.

விலை? அதைப் பற்றி எங்கள் மேசையில் பேச்சில்லை. தரம் எழுதிய சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே டீக்கடையில் உட்கார்ந்து எவ்வளவு வேண்டுமானாலும் பேரம் பேசுங்கள். சந்தா கிடையாது. எடைத் தராசுக்கும் பதிவேட்டுக்கும் ஆகும் செலவை வருகிறவர்கள் பகிர்ந்துகொள்வோம். தலைவர், செயலாளர், பொருளாளர் என்று நாற்காலி போட்டால் தரம் பார்க்க நேரம் இருக்காது என்பதால் அதைத் தவிர்த்திருக்கிறோம். இயக்கத்துக்குப் பெயர் வைப்பதையும் தள்ளிவைத்துவிட்டோம். ஏழு பெயர் வந்தது, ஏழுக்கும் சண்டை வந்தது.

முதல் அமர்வுக்கு 1862 விக்டோரியா ரூபாயை எடுத்திருக்கிறோம். ஆண்டு 1862 என்று பொறித்திருந்தாலும் 1874 வரை அதே ஆண்டு போட்டே அடித்தார்கள். எந்த ஆண்டில் அடித்தது என்பதை எழுத்துக்கு மேலும் கீழும் உள்ள சிறு புள்ளிகளை எண்ணித்தான் சொல்ல முடியும். புள்ளி தேய்ந்துபோனதா, முதலிலிருந்தே இல்லையா என்று அடித்துக்கொள்வதற்கு அதைவிட நல்ல காசு கிடைக்காது. வீட்டில் இருப்பவர்கள் கொண்டுவாருங்கள். விளக்காமல் கொண்டுவாருங்கள், வேட்டி முனையில் முடிந்து கொண்டுவராமல் வெள்ளைத் தாளில் தனித்தனியாக மடித்துக் கொண்டுவாருங்கள். லூப் இருப்பவர்கள் அதையும் எடுத்து வரவும். இப்போதைக்கு எங்களிடம் இரண்டுதான் இருக்கின்றன, ஒன்றில் கண்ணாடி ஆடுகிறது.